மழை லீவும் முக்கால் கிலோ மைதாவும்

நவம்பர் மாதம், காலை ஆறரை மணி. டிவியின் அடியில் ஓடும் வரியில் மாவட்டத்தின் பெயர் வந்துவிட்டது. மற்ற நாட்களில் பத்துத் தடவை எழுப்பினாலும் புரண்டு படுக்கும் பிள்ளை, அன்றைக்கு மட்டும் தானாக எழுந்து வந்து "லீவாம்மா?" என்று நிற்கும். கலெக்டர் லீவு விட்டது பள்ளிக்கூடத்துக்குத்தான். அப்பா, அம்மாவின் அலுவலகத்தைப் பற்றி அந்த அறிவிப்பில் ஒரு வார்த்தையும் இருக்காது.

ஒன்பது மணிவரை கார்ட்டூன் ஓடும். அப்புறம் கரண்ட் போகும், அல்லது "போரடிக்குது" வரும். பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே வரும். அந்த நேரத்தில் போனை எடுத்து கைவினைப் பெட்டி ஆர்டர் போடுவதில் பிரயோஜனமில்லை. மழையில் அது வந்து சேர்வதற்குள் பள்ளிக்கூடம் திறந்துவிடும். மூன்று முதல் ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு வேண்டியது பெரும்பாலும் சமையலறையிலேயே இருக்கிறது: மைதா, தூள் உப்பு, மஞ்சள்தூள், சமையல் சோடா, எலுமிச்சம்பழம், வெண்டைக்காய், முட்டை அட்டை, புளியங்கொட்டை. தரையில் இரண்டு நாள் பழைய பேப்பரை விரித்துவிட்டு ஆரம்பிக்கலாம். விரிக்காமல் ஆரம்பிக்கிறவர்கள் மாலையில் பல்லால் தரையைச் சுரண்ட வேண்டியிருக்கும்.

முதலில் மைதா களிமண். இதில் இரண்டு வகை உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் பாதிப் பிரச்சினை. விளையாடிவிட்டு மறுபடி உருட்டி வைப்பதற்கு வேகவைத்த மாவு. பொம்மை செய்து காயவைத்து அலமாரியில் வைப்பதற்கு வேகவைக்காத மாவு.

வேகவைத்ததற்கு மைதா ஒரு கப், தூள் உப்பு அரை கப், தண்ணீர் ஒரு கப், சமையல் எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு ஒரு மேசைக்கரண்டி. எல்லாவற்றையும் அடுப்பு பற்றவைப்பதற்கு முன்பே கட்டியில்லாமல் கரைத்துவிட வேண்டும். பிறகு சிறு தீயில் கிளறினால் நாலைந்து நிமிடத்தில் அல்வா மாதிரி சட்டியை விட்டுத் திரண்டு வரும். இறக்கி, கை பொறுக்கும் சூட்டில் பெரியவர்கள் பிசைந்து, நன்றாக ஆறிய பின் குழந்தையிடம் கொடுக்கலாம். தண்ணீருக்குப் பதில் பீட்ரூட் சாறு ஊற்றினால் ரோஸ், ஒரு டீஸ்பூன் மஞ்சள்தூள் போட்டால் மஞ்சள். மூடி இறுகப் பொருந்தும் டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் தாராளமாக வரும்.

வேகவைக்காததற்கு ஒரு கப் மைதா, அரை கப் தூள் உப்பு, சுமார் அரை கப் தண்ணீர். இந்தச் 'சுமார்' என்ற இடத்தில்தான் வீடு இரண்டாகிறது. தண்ணீர் ஊற்றும் பொறுப்பைக் குழந்தை எடுத்துக்கொள்ளும். மாவு நீர்த்துப்போகும். "பரவாயில்லை, கொஞ்சம் மாவு போடு" என்போம். அது கொஞ்சமாகப் போடாது. உதிர்ந்துபோகும். "கொஞ்சம் தண்ணி." இப்படி நாலு சுற்று போனால் ஒரு கப்பில் ஆரம்பித்தது முக்கால் கிலோவில் வந்து நிற்கும். உப்பின் அளவு மட்டும் ஆரம்பித்த இடத்திலேயே நிற்பதால் அந்த மாவு சீக்கிரம் புளித்தும் போகும். இதற்கு ஒரே வழி, தண்ணீரை டம்ளரில் கொடுக்காமல் ஒரு டீஸ்பூனோடு கொடுப்பது. "ஒன்னு, ரெண்டு" என்று எண்ணி ஊற்றட்டும். அன்றைய கணக்குப் பாடமும் அதிலேயே முடிந்தது.

கல்லுப்பு வேண்டாம். கரையாமல் நறநறவென்று நிற்கும், நகக்கண்ணில் ஏறினால் எரியும். பச்சை மாவைத் தின்னக் கூடாது என்று சொல்லத்தான் வேண்டும். சொன்ன பிறகும் ஒரு தடவை நக்கிப் பார்ப்பார்கள். உப்பு அவர்களுக்குப் புரியவைத்துவிடும். வீட்டில் நாய் இருந்தால் கவனம். இவ்வளவு உப்பை அது விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

மாவு கையில் வந்ததும் எல்லாக் குழந்தையும் முதலில் பாம்பு செய்யும். அதை வைத்தே எழுத்துக்கு வந்துவிடலாம். பென்சில் பருமனில் உருட்டிய திரியை மடக்கி 'ட', 'ப', பிறகு 'ம', 'ய'. விரல்களுக்கு வலு ஏறும். பென்சில் பிடிக்கிற கைக்கு அது நல்லது. 'இ' கொஞ்சம் மாவு தின்னும். 'ஞ' பக்கம் போகாதீர்கள், பெரியவர்களுக்கே பாதி வழியில் திரி அறுந்துவிடும்.

மழைக்காலத்தில் இன்னொரு வில்லங்கம். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். உப்பு ஜாடி கசிவது அதனால்தான். மாவுக்குள் இருக்கும் உப்பும் அதையே செய்யும். காலையில் செய்து வைத்த யானை மாலைக்குள் தும்பிக்கையைத் தொங்கப் போட்டு, மறுநாள் உட்கார்ந்துவிடும். அரை சென்டிமீட்டர் கனத்துக்கு மேல் போகாமல் தட்டையாக இலை, மீன், நட்சத்திரம் என்று வெட்டினால் ஃபேனுக்கு அடியில் இரண்டு மூன்று நாளில் காயும். கொழுக்கட்டை கனத்தில் பிள்ளையார் பிடித்தால், வெளிப்பக்கம் காய்ந்து சுருங்க, உள்ளே ஈரம் அப்படியே இருக்க, நட்டநடுத் தொப்பையில் விரிசல் விழும். அந்த விரிசலுக்கு யார் காரணம் என்ற விசாரணை ராத்திரி வரை நடக்கும்.

அடுத்தது மஞ்சள் மாயம். வீட்டில் பாட்டி இருந்தால் அவரையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். ஒரு டீஸ்பூன் மஞ்சள்தூளை இரண்டு டீஸ்பூன் தண்ணீரில் குழைத்து வெள்ளைத் தாளில் பூசிக் காயவிட வேண்டும். மஞ்சளின் நிறச்சத்து தண்ணீரில் சரியாகக் கரையாது, அதனால் திட்டுத் திட்டாகத்தான் வரும், கவலை வேண்டாம். வழவழப்பான காலண்டர் தாள் உறிஞ்சாது. சாதாரண டிராயிங் தாள்தான் சரி. காய்ந்த பிறகு, கால் டம்ளர் தண்ணீரில் அரை டீஸ்பூன் சமையல் சோடாவைக் கரைத்து, காது குடையும் பஞ்சுக் குச்சியால் தொட்டு எழுதச் சொல்லுங்கள். நிறமில்லாத அந்தச் சோடாத் தண்ணீரில் எழுதினால் சிவப்பாக எழுத்து வரும். அதன்மேல் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டால் சிவப்பு மறைந்து பழையபடி மஞ்சள்.

மஞ்சளில் இருக்கும் கர்க்குமின் என்ற நிறச்சத்து, சோடா மாதிரியான காரம் பட்டால் சிவக்கும், அமிலம் பட்டால் மஞ்சளுக்குத் திரும்பும், அவ்வளவுதான் விஷயம். "இதுல என்னடா அதிசயம், ஆரத்தித் தட்டுல நாங்க பண்றதுதானே" என்று பாட்டி சொல்லும் கட்டம் இதுதான். அவர் சொல்வது சரி. ஆரத்தியில் மஞ்சளோடு சேர்வது சுண்ணாம்பு. ஆனால் சுண்ணாம்பு டப்பாவைப் பிள்ளைகள் கையில் கொடுக்கவே கூடாது. கண்ணில் பட்டால் கருவிழியே வெந்துபோகும். சோடாவும் சோப்புத் தண்ணீரும் போதும்.

இதில் எப்போதும் நடக்கிற விபத்து ஒன்று உண்டு. மஞ்சள் எப்படியாவது பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டையில் படும். லீவு நாளில் அந்தச் சட்டை அங்கே ஏன் வந்தது என்று கேட்டுப் பயனில்லை. பதறிப்போய் சோப்புப் போட்டால் கறை ரத்தச் சிவப்பாகும். பார்ப்பவர்களுக்கு நெஞ்சடைக்கும். ஒன்றும் ஆகவில்லை, சோப்பும் காரம்தானே. நன்றாக அலசினால் மறுபடி மஞ்சளாகும், மிச்சத்தை வெயில் வெளுக்கும். அன்றைக்கு வெயில் கிடையாது என்பதுதான் ஒரே சிக்கல்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பல்லாங்குழி. மரப் பலகை பெரியம்மா வீட்டுப் பரணில் இருக்கும், நம் வீட்டில் முட்டை அட்டைதான். 30 முட்டை அட்டையில் 6 குழியாக 5 வரிசை. பல்லாங்குழிக்கு வேண்டியதோ பக்கத்துக்கு 7. அதனால் இரண்டு வரிசையை ஒன்றாக வெட்டிவிட்டு, மீதி அட்டையிலிருந்து ஒரு ஜோடிக் குழியை வெட்டி ஓரத்தில் ஒட்ட வேண்டும். குழிகளுக்கு நடுவே கூம்பு கூம்பாக நிற்பதைக் கத்தரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் போடுகிற புளியங்கொட்டை முத்து அதில் பட்டுச் சோபாவுக்கு அடியில் போகும். அட்டை கனமில்லாதது, கை பட்டாலே கவிழும். அடியில் கெட்டி அட்டை வைத்து ஒட்டினால் நிற்கும். உடைந்த முட்டை ஒழுகிய அட்டையை எடுக்காதீர்கள். விளையாடி முடித்ததும் கையும் கழுவ வேண்டும்.

ஒட்டுவதற்குப் பசை தீர்ந்துபோயிருக்கும். மழை நாளில் அது தீர்ந்தே இருக்கும். இரண்டு டேபிள்ஸ்பூன் மைதாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கரைத்து, ஒரு டம்ளர் தண்ணீர் சேர்த்துக் கண்ணாடி பதம் வரும்வரை காய்ச்சினால் போதும். சுடுதண்ணீரில் நேராக மாவைக் கொட்டினால் கட்டிதான் மிஞ்சும். மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைக்கும்போது டப்பாமேல் 'பசை' என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். பக்கத்திலேயே தோசை மாவு இருக்கும், ராத்திரி வெளிச்சத்தில் வித்தியாசம் தெரியாது.

குழிக்கு 5 வீதம் 14 குழிக்கு 70 புளியங்கொட்டை. வீட்டுக்கு வீடு விதி மாறும், குழந்தைக்கு இந்த அளவு போதும்: தன் பக்கத்துக் குழி ஒன்றை அள்ளி, அடுத்தடுத்த குழியில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே சுற்ற வேண்டும். கையில் தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடரலாம். அடுத்தது வெறுங்குழியாக இருந்தால் அதைத் துடைத்துவிட்டு அதற்கடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். ஒரு குழியில் நாலு சேர்ந்தால் அது பசு, குழிக்குச் சொந்தக்காரருக்கு. இந்தப் பசுதான் முக்கியம். பசுவைத் தவறவிடக் கூடாது என்ற பயத்தில், எண்ணாமலே 'நாலு' என்று கண் பார்த்துச் சொல்லும் பழக்கம் பிள்ளைக்கு வரும். இரண்டாவது ஆட்டத்தில் கையில் 32 முத்து மட்டும் இருந்தால் எத்தனை குழி நிரப்பலாம்? ஆறு குழி, மிச்சம் இரண்டு. வகுத்தலும் மீதியும் நோட்டில்லாமலே நடந்துவிடுகிறது.

பேரன்தானே என்று பாட்டிகள் இந்த ஆட்டத்தில் விட்டுக்கொடுப்பதில்லை. சுற்று எங்கே முடியும் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் குழியை அள்ளுவார்கள். ஐந்து வயதுப் பேரன் தோற்று அழும்போதும் முத்தை எண்ணிக்கொண்டிருப்பார்கள். சமாதானத்துக்கு யாராவது ஒருவர் பக்கத்தில் இருப்பது நல்லது.

மூன்று வயதுக்குக் கீழே இருக்கிற தம்பி, தங்கை தவழ்ந்து வரும் இடத்தில் கொட்டை ஆட்டமே வேண்டாம். வாயில் போனால் மூச்சுக்குழாயில் அடைக்கும். மூக்கில் போட்டுக்கொண்டு சொல்லாமல் இருக்கிற பிள்ளைகளும் உண்டு. ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றத்தோடு சளி வடிந்தால் சந்தேகப்பட வேண்டும். ஹேர்பின்னால் நோண்டினால் இன்னும் உள்ளே போகும். நேராக டாக்டரிடம்தான்.

வெண்டைக்காய் அச்சு எல்லோருக்கும் தெரிந்ததுதான். காம்புப் பக்கம் நாலு சென்டிமீட்டர் விட்டு வெட்டினால் அதுவே பிடி. வெட்டியதும் பெயின்டில் முக்கினால் கொழகொழப்பில் நிறம் வழுக்கி, பூ வரவேண்டிய இடத்தில் வட்டமான திட்டு வரும். கால் மணி நேரம் காயவிட்டுத் துணியால் ஒற்றி எடுத்த பிறகு, பெயின்டைக் கிண்ணத்தில் வைக்காமல் நனைத்த துணி மடிப்பில் தடவி அதில் ஒற்ற வேண்டும். உருளைக்கிழங்கில் எழுத்து செதுக்கினால் தாளில் இடவலம் மாறி விழும். பேர் செதுக்க ஆசைப்பட்டால் தலைகீழாக யோசிக்க வேண்டும். தலைவலி வேண்டாம் என்றால் 'ப' அல்லது 'ஃ' செதுக்குங்கள், எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒன்றுதான்.

கப்பலுக்கு நோட்டின் நடுத்தாள் வேண்டும் என்று தெரியாத பிள்ளை தமிழ்நாட்டில் இல்லை. வீட்டுப்பாட நோட்டா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தெருத் தண்ணீரில் விட வேண்டாம். கரண்ட் கசிவும் எலிக்காய்ச்சலும் அதில்தான் காத்திருக்கின்றன. அகலப் பாத்திரத்தில் நாலு விரற்கடைத் தண்ணீர் போதும், சின்னப் பிள்ளையைத் தண்ணீர்ப் பக்கம் தனியே விட்டு நகராதீர்கள். அடிப்பக்கம் மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் கப்பல் சீக்கிரம் ஊறாது. எத்தனை ஒரு ரூபாய்க் காசு தாங்கும் என்று முதலில் பந்தயம், அப்புறம் ஒவ்வொன்றாக வைக்க வேண்டும். எல்லாக் காசையும் ஒரே பக்கம் வைத்தால் சாய்ந்துவிடும். பரப்பி வைத்தால் கூடுதலாகத் தாங்கும். இதைச் சொல்லிக்கொடுக்காதீர்கள், மூன்றாவது தடவை அவர்களே கண்டுபிடிப்பார்கள். முடிந்ததும் காசை எண்ணி வாங்குங்கள்.

நூல் டெலிபோனுக்கு இரண்டு காகிதக் கப், ஐந்து மீட்டர் நூல், முடிச்சு உருவாமல் உள்ளே கட்ட இரண்டு துண்டு ஈர்க்குச்சி. நூல் தொய்ந்தாலும், கதவு நிலையில் உரசினாலும், நடுவில் யாராவது பிடித்தாலும் அதிர்வு அங்கேயே நின்றுவிடும். விறைப்பாக இழுத்துப் பிடித்துக் கிசுகிசுக்க வேண்டும். ஆனால் எல்லா வீட்டிலும் பிள்ளைகள் கப்பில் வாயை வைத்துக் கத்துவார்கள். எதிர்முனை "கேக்குது, கேக்குது" என்று குதிக்கும். கேட்டது காற்று வழியாகத்தான். நாலாவது நிமிடம் "இதுல வீடியோ கால் வருமா?" என்று கேள்வி வந்தால் கடையை மூடிவிடலாம்.

மூடுவதிலும் முறை இருக்கிறது. தரையில் ஒட்டிய மாவை ஈரத்துணியால் துடைத்தால் அது பசையாகி ஹால் முழுக்கப் பரவும். காயவிட்டுப் பழைய அட்டையால் சுரண்டிவிட்டு, பிறகு துடையுங்கள். கைகழுவும் தொட்டியில் மாவைக் கரைத்து ஊற்றினால் குழாய் அடைக்கும், பிளம்பரும் மழை நாளில் வரமாட்டார்.

செய்து குவித்த சாமான்களில் பிள்ளை தேர்ந்தெடுக்கும் இரண்டை மட்டும் ஒரு வாரம் டிவி ஸ்டாண்டில் வைக்கலாம், எறும்பு வரும்வரை. மற்றவற்றைப் போட்டோ எடுத்துவிட்டு, தூங்கின பிறகு, பேப்பரில் சுற்றிக் குப்பைக் கூடையின் அடியில் போட வேண்டும். மேலாகப் போட்டால் காலையில் முதல் வேலையாக அதைக் கண்டுபிடித்துத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கும். குப்பை வண்டி மணி அடிக்கும்போது பிள்ளை பால்கனியில் இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டு இறங்குங்கள்.