முதல் சிக்னல் எங்கிருந்து வந்தது

“அண்ணா, எதுக்கும் ஒரு தடவை மைக்கோ பாத்துடலாமா?”

“போன மாசம்தானே பாத்தோம். நெகட்டிவ். இது பிஎம்ஏ வேலை. நீ ரெஸ்ட் டைமைக் கூட்டிப் பாரு.”

செல் வளர்ப்பு லேபில் என் ஜூனியருக்கும் எனக்கும் நடந்த அரை நிமிடப் பேச்சு. மைக்கோ என்றால் மைக்கோபிளாஸ்மா, செல்களுக்குள் கலந்துவிடும் நுண்ணிய பாக்டீரியா; பிஎம்ஏ செல்களை மாற்ற நாங்கள் போடும் ரசாயனம். ஆறு வாரச் சோதனைகள் வீணாய்ப் போனதன் தொடக்கம் அதுதான். நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அன்று எலைசா (ஒரு புரதம் எவ்வளவு இருக்கிறது என்று நிறத்தால் காட்டும் சோதனை) பிளேட்டில் மஞ்சளாகக் கூடாத வெல்கள், அதாவது குழிகள், மஞ்சளாகியிருந்தன. டிஎச்பி-1 என்ற மனித நோயெதிர்ப்புச் செல்களில், கவுட் மூட்டுவலிக்குக் காரணமான யூரேட் படிகம் மட்டும், 200 மைக்ரோகிராம், 6 மணி நேரம். எல்பிஎஸ் (பாக்டீரியாவின் மேலுறைப் பொருள்) கிடையாது. என்எல்ஆர்பி3 இன்ஃப்ளமசோம் என்ற, வீக்கத்தைக் கிளப்பும் புரதக் கூட்டு வேலை செய்ய இரண்டு சிக்னல் வேண்டும். முதலாவது, எல்பிஎஸ் போல ஏதாவது ஒன்று செல்லைத் தட்டியெழுப்பி, வீக்கப் புரதமான ஐஎல்-1 பீட்டாவின் முன்வடிவத்தைச் செய்ய வைக்க வேண்டும். இரண்டாவது, படிகம் உள்ளே போய்ப் பொட்டாசியம் வெளியேறினால் இன்ஃப்ளமசோம் கூடும்; காஸ்பேஸ்-1 என்ற நொதி அந்த முன்வடிவத்தை வெட்டும்; காஸ்டெர்மின்-டி என்ற புரதம் செல் சவ்வில் போடும் துளை வழியே அது வெளியே வரும். கவுட் வலியின் பின்னால் இருப்பது இந்த வழிதான் என்று லொசானில் யூர்க் ட்ஷோப்பின் குழு 2006-இல் காட்டியது. முதல் சிக்னல் இல்லாமல் இரண்டாவதை மட்டும் கொடுத்தால் எலைசாவில் ஒன்றும் தெரியக் கூடாது. தெரிந்தது.

பிஎம்ஏவைச் சந்தேகித்ததற்குக் காரணம் உண்டு. 100 நானோமோலாரில் 48 மணி நேரம் வைத்து, கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜாகச் செல்களை மாற்றும்போது, பிஎம்ஏவே முன்வடிவத்தைக் கொஞ்சம் கிளப்பிவிடும். அதற்காகத்தான் மீடியத்தை (செல் வளரும் திரவத்தை) மாற்றி ஒரு நாளாவது செல்களை ரெஸ்ட் விடுகிறோம். படிகத்தில் எண்டோடாக்சின், அதாவது எல்பிஎஸ், ஒட்டியிருக்குமோ என்றும் பார்த்தோம். 180 டிகிரியில் 2 மணி நேரம் சுட்ட படிகம், எண்டோடாக்சினைக் காட்டும் எல்ஏஎல் டெஸ்டிலும் சுத்தம். பிறகு ரெஸ்டை 24 மணி நேரத்திலிருந்து 72 ஆக்கினோம். சிக்னல் பாதியாகக் குறைந்தது. “பாத்தியா?” என்றேன். மீதிப் பாதியைப் பற்றி அவர் ஏதோ சொல்ல வந்தார். நான் அடுத்த பிளேட்டின் அமைப்பைப் பேசத் தொடங்கிவிட்டேன்.

அந்த மீதிப் பாதி மேல் எங்களுக்கு ஆசை வந்துவிட்டது. மூட்டுக்குள் படிகம் வருடக்கணக்கில் வலியே இல்லாமல் கிடக்கும். ஒரு பெரிய விருந்துக்குப் பிறகு நடுராத்திரியில் கால் பெருவிரல் வீங்கும். அப்படியானால் உடம்புக்குள் முதல் சிக்னலைக் கொடுப்பது யார்? கொழுப்பு அமிலங்கள் டிஎல்ஆர்2 என்ற செல் ஏற்பி வழியாக அதைக் கொடுக்கலாம் என்று 2010-இல் ஓர் ஆய்வு வந்திருந்தது. நாங்களும் டிஎல்ஆர்2-ஐத் தடுக்கும் ஆன்டிபாடியைப் போட்டோம். சிக்னல் சரிந்தது. மீடியத்தில் கலக்கும் சீரத்தில் உள்ள கொழுப்பு அமிலமாக இருக்கலாம் என்று லேப் மீட்டிங்கில் ஸ்லைடே போட்டோம். மைக்கோபிளாஸ்மாவின் லிப்போபெப்டைடுகள் (கொழுப்பு ஒட்டிய புரதத் துண்டுகள்) பிடிப்பதும் அதே டிஎல்ஆர்2-ஐத்தான், டிஎல்ஆர்6-உடன் சேர்த்து. இதை நான் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அன்று நினைவுக்கு வரவில்லையா, வர விடவில்லையா என்று எனக்கே தெளிவில்லை.

போன மாத நெகட்டிவுக்குச் சாம்பிள் எடுத்தது நான். மீடியம் மாற்றிய மறுநாளே எடுத்தேன், அதுவும் ஆன்டிபயாட்டிக் கலந்த மீடியத்திலிருந்து. ஆன்டிபயாட்டிக் இல்லாமல் வளர்த்து, செல்கள் நெருங்கிய பிறகு, 2-3 நாள் ஆன மீடியத்தில் எடுத்திருக்க வேண்டும். எடுத்ததை 95 டிகிரியில் 5 நிமிடம் சூடாக்கிச் சுழற்றி, மேலே நிற்கும் தெளிவை மட்டும் பிசிஆருக்கு (கிருமியின் டிஎன்ஏவைப் பெருக்கிக் காட்டும் சோதனை) விட வேண்டும். சீரத்தில் உள்ளவை பிசிஆரையே தடுத்துவிடலாம். தடுத்துவிட்டால் அதுவும் நெகட்டிவ் போலத்தான் தெரியும். அதனால் பாசிட்டிவ் டிஎன்ஏ கலந்த ஒரு டியூபைப் பக்கத்தில் ஓட்டியாக வேண்டும். நான் ஓட்டவில்லை.

மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல்சுவர் இல்லை, பெனிசிலின் அதை ஒன்றும் செய்யாது. 0.22 மைக்ரான் ஃபில்டரிலும் நுழைந்துவிடும். மில்லிக்குக் கோடிக்கணக்கில் பெருகினாலும் மீடியம் கலங்காது. டிஎன்ஏவில் ஒட்டும் ஹோக்ஸ்ட் சாயம் போட்டால்தான் நியூக்ளியசைச் சுற்றிப் பொடி தூவினாற்போலப் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஆறாவது வாரம், வேறு எதற்கோ சாயம் போட்ட ஸ்லைடில் அந்தப் புள்ளிகளை அவர்தான் பார்த்தார். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அன்றைய பேச்சை அவர் நினைவுபடுத்தவே இல்லை.

ஃபிளாஸ்குகளை ஆட்டோகிளேவில் போட்டோம். புதிய செல் குப்பி ஒன்றை எடுத்து, இரண்டு வாரம் தனி இன்குபேட்டரில் வைத்து, இரண்டு முறை பிசிஆர் பார்த்து, எல்லாவற்றையும் மறுபடி செய்தோம். 72 மணி நேர ரெஸ்டில் படிகம் மட்டும் போட்ட வெல்கள் பிளாங்க் போலவே இருந்தன. 24 மணி நேர ரெஸ்டில் லேசாக மஞ்சள் தட்டியது. ஆக, பிஎம்ஏ பற்றி நான் சொன்னது சரி. என் இடத்தில் யார் இருந்தாலும் முதலில் அதைத்தான் சொல்லியிருப்பார்கள் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போதும் அதில் பாதி நம்பிக்கை உண்டு. ஆனால் அவர் கேட்டது பிஎம்ஏவைப் பற்றி இல்லையே. அரை நாள் பிசிஆர் ஒன்றைக் கேட்டார். “சரி, போட்டுடு” என்று சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? ஜூனியர் சந்தேகப்படும் ஒவ்வொன்றுக்கும் டெஸ்ட் போட்டால் வேலை நகராது என்பதும் உண்மைதான். அவர் கேட்டது அந்த வகையா என்று யோசித்துப் பார்த்தால், இல்லை.

லேப் நோட்டில் அந்தப் பக்கம் அப்படியே இருக்கிறது: “மைக்கோ – நெகட்டிவ்”, கீழே என் கையெழுத்து. சாம்பிள் எடுத்த நேரமும் மீடியத்தின் வயதும் எழுதவில்லை. பழைய பக்கத்தில் எதையும் சேர்க்கக் கூடாது என்பதால், புதிய பக்கத்தில் தேதி போட்டு எழுதினேன்: மேற்படி டெஸ்ட் செல்லாது. சாம்பிள் மீடியம் மாற்றிய 1 நாளில் எடுக்கப்பட்டது. பாசிட்டிவ் கன்ட்ரோல் இல்லை. மறு டெஸ்டை முதலில் கேட்டவர் யார் என்பதையும் எழுதி, அந்த வரிக்குப் பக்கத்தில் அவரையே கையெழுத்துப் போடச் சொன்னேன். போட்டுவிட்டு, “இந்தத் தேதி சரிதானா அண்ணா?” என்று மட்டும் கேட்டார்.