50 கிலோ: இரண்டாம் நாள் காலைக் கணக்கு

பாரிஸ் ஒலிம்பிக்கில் (2024) இந்திய மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட், 50 கிலோ பிரிவில் 100 கிராம் எடை கூடியதால் இறுதிப் போட்டியில் ஆடும் வாய்ப்பையே இழந்தபோது, "வெறும் 100 கிராம்தானே, அதைக் குறைக்க முடியாதா?" என்று ஊரே கேட்டது. முதல் நாள் மூன்று பேரை வென்று முடித்தபோது அவர் 50 கிலோவைத் தாண்டி 2.7 கிலோ கூடுதலாக இருந்தார். விடிவதற்குள் அத்தனையும் இறங்க வேண்டும். கடைசியில் இறங்க மறுத்த மிச்சம்தான் அந்த 100 கிராம்.

ஒலிம்பிக் மல்யுத்தத்தில் ஒரு பிரிவு இரண்டு நாள் நடக்கும். முதல் நாள் எடை பார்க்க 30 நிமிடம், மறுநாள் காலை 15 நிமிடம். அந்த நேரத்துக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் தராசில் ஏறலாம், ஆனால் கிராம் சலுகை கிடையாது. போட்டி உடையான சிங்லெட்டின் எடையும் சேர்த்தி. தவறினால், முதல் நாள் ஜெயித்ததெல்லாம் போய்க் கடைசி இடம்.

முதல் நாள் எடை போட்டதும் காய்ந்துபோன உடம்புக்குத் தண்ணீரும் மாவுச்சத்தும் கொடுத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் பாயில் நிற்க முடியாது. சிக்கல் அங்கேதான். 200 மில்லி குடித்தால் 200 கிராம் ஏறும். தசையில் சேரும் ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் (உடம்பு சேமித்துவைக்கும் மாவுச்சத்து) ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைக் கூடவே பிடித்துவைக்கும். நீர் வற்றிய உடம்பு உப்பையும் தண்ணீரையும் சிறுநீரில் விடாமல் இறுக்கிக்கொள்ளும். அதனால் உள்ளே போனது லேசில் வெளியே வராது. தூக்கத்தில் மூச்சிலும் சிறுநீரிலும் தானாகக் குறைவது அரை கிலோவை ஒட்டித்தான் இருக்கும். மீதி எல்லாம் வியர்வை.

வியர்வையும் ஒரே வேகத்தில் வராது. முதல் ஒரு மணி நேரம் ஓட்டம், ஸ்கிப்பிங், சானா (வியர்க்க வைக்கும் வெப்ப அறை) எல்லாம் நன்றாக வேலை செய்யும். ரத்தத்தில் நீர் குறையக் குறைய வியர்வை மட்டுப்பட்டு, உடல் சூடு மட்டும் ஏறும். இந்தக் கட்டத்தில் விடாப்பிடியாக நிற்பது உயிருக்கே ஆபத்து. 1997-ல் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் எடை குறைக்கும்போது இறந்தார்கள். அதன் பிறகுதான் அங்கே கல்லூரிப் போட்டிகளில் சானாவுக்கும், வியர்க்க வைக்கப் போடும் ரப்பர் உடைக்கும் தடை வந்தது.

பலர் கோட்டை விடும் இடம் ஒன்று: தோலில் நிற்கும் வியர்வைக்கும் எடை உண்டு. துண்டால் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நனைந்த முடியும் ஈர சிங்லெட்டும் கிராம் கணக்கில் காட்டிக்கொடுக்கும். எடையைக் குறைக்க அன்றிரவு வினேஷின் முடியை வெட்டியது நாடகமல்ல.

முதல் எடைக்கும் மறுநாள் எடைக்கும் இடைப்பட்ட நேரத்தில் சாப்பாட்டையும் தண்ணீரையும் தராசில் வைத்தே கொடுக்க வேண்டும். வெள்ளைச் சோறு, தேன், குளுக்கோஸ் சரி. கீரை, முழுப் பயறு, பச்சைக் காய்கறி வேண்டாம். நார்ச்சத்து குடலிலேயே எடையாகத் தங்கும். உப்பைக் கூட்டினால் நீர் தங்கும், அறவே விட்டால் குடித்தது ரத்தத்தில் நிற்காது. அந்த அளவை போட்டிக்குக் கிளம்பும் முன்பே, இரண்டு நாள் ஒத்திகை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். ஒத்திகையில் இரண்டாம் காலை எடை இறங்காத ஆளை அந்தப் பிரிவில் இறக்குவது என் பார்வையில் பயிற்சியாளரின் தவறு.

விதியும் கொஞ்சம் இரங்கலாம். ஜூடோவில் முந்தின நாள் எடை போட்டுவிட்டு, போட்டி நாள் காலை சிலரை மட்டும் சீட்டெடுத்துச் சோதிப்பார்கள். 5% வரை கூடியிருக்கலாம். 50 கிலோவுக்கு அதே கணக்கைப் போட்டால் 52.5. ஒலிம்பிக் மல்யுத்தத்தில் அந்தச் சலுகை இல்லாததோடு, பாரிஸில் பெண்களுக்கு இருந்தவை ஆறே பிரிவுகள்: 50, 53, 57, 62, 68, 76. உலகப் போட்டியில் பத்து. 72 கிலோ பெண்ணுக்கு அங்கே சொந்தப் பிரிவு உண்டு. ஒலிம்பிக் என்றால் நான்கு கிலோ இறங்க வேண்டும், இல்லையென்றால் தன்னைவிட நான்கு கிலோ கனத்தவரோடு மோத வேண்டும்.