ஏரியா சேஃபான்னு சிசிடிவி மாட்டுறவன்கிட்ட கேட்டா

சென்னைக்கு தெக்க மேடவாக்கம், பள்ளிக்கரணை, கோவிலம்பாக்கம் பக்கம் கேமரா மாட்டுறதும் சர்வீஸ் பாக்குறதும்தான் என் பொழப்பு. புதுசா ஃபிளாட் வாங்கி வந்தவங்க வீட்டுக்கு போனா ஏணியை எடுத்து வெக்கறதுக்குள்ள கேப்பாங்க, "தம்பி, இந்த ஏரியாவுல க்ரைம் ரேட் எப்படி, திருட்டு கிருட்டு உண்டா?"ன்னு. லட்சக்கணக்குல லோன் போட்டு வீடு வாங்கிட்டு கேமரா மாட்ட வந்தவன்கிட்ட கேக்குறாங்களேன்னு இருக்கும். ஆனா அவங்களை குத்தம் சொல்லி பிரயோஜனம் இல்ல, அதை எங்க போய் பாக்கறதுன்னு அவங்களுக்கும் தெரியாது.

என்சிஆர்பின்னு நாடு பூரா க்ரைம் கணக்கு எடுக்கிற மத்திய அரசு ஆபீஸ், அவங்க புள்ளிவிவரம் வருதே, அதுல மாநிலக் கணக்கு இருக்கும், 20 லட்சம் பேருக்கு மேல இருக்கிற 19 பெருநகரம்னு தனியா போட்டிருப்பாங்க, அதுல சென்னையும் இருக்கும், ஆனா உங்க மூணாவது குறுக்குத் தெரு அதுல கிடையாது. 2022 ஜனவரி 1ல தாம்பரம், ஆவடின்னு ரெண்டு புது போலீஸ் கமிஷனரேட் பிரிச்சப்போ பள்ளிக்கரணை ஸ்டேஷன் சென்னையில இருந்து தாம்பரத்துக்கு போயிடுச்சு. தெரு இருந்த இடத்துலயேதான் இருக்கு, கணக்கு மட்டும் வேற கமிஷனரேட்டுக்கு போயிடுச்சு. க்ரைம் கூடுறது வேற, கேஸ் பதிவாகிறது கூடுறது வேறன்னு என்சிஆர்பியே முன்னாடி எழுதி வெச்சிருக்காங்க, அதை யாரும் படிக்கறதில்ல, நேரா எந்த ஊரு எத்தனாவது இடம்னுதான் பாப்பாங்க.

பதிவு ஆகிறது எப்படின்னு எங்க தொழில்ல இருக்கறவங்களுக்கு நல்லாவே தெரியும். பைக்ல வந்தவன் ஃபோனை பறிச்சிட்டு போயிருப்பான், ஃபுட்டேஜ் எடுத்து குடுத்திருப்போம், அவங்க ஸ்டேஷன்ல போய் "தொலைஞ்சு போச்சு"ன்னு எழுதிக் குடுத்துட்டு வருவாங்க, கேட்டா புது சிம் வாங்க ஒரு பேப்பர் கிடைச்சா போதும் தம்பி, கோர்ட்டுக்கு யாரு அலையறதுன்னு சொல்வாங்க. சில பேர் கையில புகார் வாங்கிக்கிட்டோம்னு குடுக்கிற சிஎஸ்ஆர் ரசீது மட்டும் இருக்கும், அதையே எஃப்ஐஆர்னு நினைச்சு பத்திரமா லேமினேட் பண்ணி வெச்சிருப்பாங்க. திருட்டு மாதிரி கேஸுக்கு எஃப்ஐஆர் போட்டே ஆகணும்னு 2013லயே சுப்ரீம் கோர்ட் லலிதா குமாரி கேஸ்ல சொல்லியாச்சு. என்சிஆர்பி கணக்குல ஏறுறது எஃப்ஐஆர்தான், சிஎஸ்ஆரோட நின்னா அது அங்க நடக்கவே இல்லாத மாதிரி.

கேமராவுக்கு மட்டும் குறைச்சல் கிடையாது. 2016 ஜூன்ல நுங்கம்பாக்கம் ரயில்வே ஸ்டேஷன் கொலை நடந்தப்போ அந்த ஸ்டேஷன்லயே கேமரா இல்ல, சுத்தி இருந்த தெருவுல மாட்டியிருந்த கேமராவைத்தான் போலீஸ் தேடிப் போனாங்க, அதுக்கப்புறம்தான் எங்களுக்கு ஃபோன் மேல ஃபோன். அப்புறம் "மூன்றாவது கண்"ணுன்னு 50 மீட்டருக்கு ஒரு கேமரான்னு போலீஸே தெருத்தெருவா வந்து அசோசியேஷன்ல பேசுனாங்க. 2021ல ஒரு சதுர கிலோமீட்டருக்கு 657 கேமரா, உலகத்துலயே சென்னைதான் முதல்னு நியூஸ் வந்துச்சு. அதுல எத்தனை ஓடுதுன்னு நான் பாத்த நியூஸ்ல வரல.

நான் போய் பாக்குற இடத்துல சரியா ஓடுறது கம்மிதான். லென்ஸ் முன்னாடி சிலந்தி வலை கட்டியிருக்கும், ராத்திரி இருட்டுல பாக்கறதுக்கு கேமராவுல இருக்கிற ஐஆர் லைட் அதுல பட்டு திரை பூரா வெள்ளையா கிடக்கும். நம்பர் பிளேட்டும் அப்படித்தான், அதே லைட்டு பட்டு பளீர்னு அடிக்கும், ஒரு எழுத்து படிக்க முடியாது. எட்டு கேமராவுக்கு ஒரு டிபி ஹார்டுடிஸ்க் போட்டா ஒரு வாரம் பத்து நாள்ல பழசு அழிஞ்சிடும், ஊருக்கு போயிட்டு ரெண்டு வாரம் கழிச்சு வந்து பூட்டு உடைஞ்சிருக்கேன்னு கேட்டா என்ன இருக்கும்? அதனாலதான் வீட்டை பூட்டிட்டு போறப்போ ஸ்டேஷன்ல சொல்லிட்டு போங்கன்னு சொல்றது, பீட் போலீஸ் வந்து ஒரு பார்வை பாத்துட்டு போவாங்க. முன்னாடி பட்டா புத்தகம்னு ஒரு ரோந்து நோட்டு தொங்கும், பீட் போலீஸ் ராத்திரி வந்து அதுல கையெழுத்து போட்டுட்டு போவாங்க.

ஒரு தடவை பட்டப்பகல்ல ஒரு அபார்ட்மென்ட் வீட்ல பூட்டை உடைச்சு எட்டு பவுன் போச்சு, வீட்டுக்காரங்க கல்யாணத்துக்கு போயிருந்தாங்க. வேற யாரோ மாட்டுன கேமரா, ஃபுட்டேஜ் எடுத்துக் குடுக்க என்னை கூப்பிட்டாங்க. ஸ்கிரீனை ஆன் பண்ணா டிவிஆர்ல, அதான் ரெக்கார்ட் ஆகிற பெட்டியில, தேதி 2000ம் வருஷம் காட்டுது, உள்ள இருக்கிற சின்ன பேட்டரி செத்துப்போயி, கரண்ட் கட் ஆனப்போ கடிகாரம் பின்னாடி போயிடுச்சு. ஏட்டையா அசரல, தன் செல்ஃபோன்ல இருக்கிற மணியை டிவிஆர் ஸ்கிரீனுக்கு பக்கத்துல பிடிச்சு ரெண்டையும் சேத்து ஒரு ஃபோட்டோ எடுத்துக்கிட்டார், வித்தியாசத்தை பேப்பர்ல கழிச்சு, "ரெண்டு மணியில இருந்து ஓட்டு"ன்னார். பாத்தா டெலிவரி பேக் மாட்டிக்கிட்டு ஒருத்தன், ஹெல்மெட்டோட. கேமரா பன்னெண்டு அடி உயரத்துல, ஹெல்மெட் மேல் பக்கம் மட்டும் அருமையா தெரியுது.

முகம் கிடைச்சது எதிர்ல இருக்கிற டெய்லர் அக்கா கடையில. கல்லாப்பெட்டியை பாக்கறதுக்குன்னு தாழ்வா மாட்டுன விலை கம்மி கேமரா, வாசலும் கொஞ்சம் தெரியும், அவன் பைக்கை நிறுத்திட்டு ஹெல்மெட்டை கழட்டி வேர்வை துடைச்சிருக்கான்.

அதோட முடியல. 2024 ஜூலைல இருந்து புது சாட்சிய சட்டம், ஃபுட்டேஜை கோர்ட்ல காட்ட 63வது பிரிவுல சர்டிஃபிகேட் வேணும், ஃபைலை யாரும் மாத்தலன்னு காட்டுற ஹாஷ் வேல்யூ எழுதணும், கேமரா யாரு பொறுப்புல இருக்கோ அவங்க கையெழுத்து போடணும். "நான் பிளவுஸ் தெக்கறவ தம்பி, கோர்ட்டுக்கு கூப்பிட்டா கடையை யாரு பாப்பா? அவன் வெளிய வந்து என்னைத் தேடி வந்தா?"ன்னு அக்கா கேட்டாங்க. என்கிட்ட பதில் இல்ல. ஏட்டையா ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்து டீ வாங்கிக் குடுத்து ரொம்ப நேரம் பேசுனார். கையெழுத்து போட்டாங்க. எதிர்ல பெரிய அபார்ட்மென்ட்டு, கேட்ல செக்யூரிட்டி, பதினாறு கேமரா, ஆனா கேஸ் நின்னது டெய்லர் கடை கையெழுத்துல.

அதுக்கப்புறம் அந்த அபார்ட்மென்ட் செக்ரட்டரி சார்கிட்ட கேட்ல ஒரு கேமராவை ஏழு அடிக்கு இறக்கிடலாம், ஹார்டுடிஸ்க்கை பெருசு பண்ணிடலாம், ஏஎம்சி, அதான் வருஷ பராமரிப்பு ஒப்பந்தம், போடுங்கன்னு சொன்னேன். எலிவேஷன், அதான் கட்டடத்தோட முன்பக்க அழகு, கெட்டுப் போயிடும்னார், ஏஎம்சிக்கு ஜெனரல் பாடில பேசணும்னார்.

டெய்லர் அக்கா கடைக்குத்தான் கூட்டம். கார்ல கோடு போட்டது யாரு, செருப்பை எடுத்தது யாரு, குப்பையை கொட்டுனது யாருன்னு ஆளாளுக்கு வந்து ஃபுட்டேஜ் கேக்குறாங்க. அக்கா ஒரு வழி கண்டுபிடிச்சிட்டாங்க, முதல்ல ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துட்டு வாங்க, அப்புறம் காட்டுறேன்னு அனுப்பிடுறாங்க. பாதி பேர் திரும்பி வர்றதே இல்லையாம்.