ஐஸ் கரைந்த பிறகு

பந்தயத் தடத்தில் ஓடும் கார்களுக்கு டேட்டா பார்க்கும் வேலையில் என்னை அதிகம் அலைக்கழித்தது ஒரே ஒரு கோடு. காற்றை அமுக்கி இன்ஜினுக்குத் தள்ளும் சூப்பர்சார்ஜரைத் தாண்டி உள்ளே போகும் காற்றின் வெப்பநிலைக் கோடு. முதல் லேப்பில் 45 டிகிரி காட்டும். ஐந்தாவது லேப்பில் 70ஐத் தாண்டிவிடும். ஓட்டுநர் உள்ளே வந்ததும், "நேர்ப்பாதையில வண்டி இழுக்கவே மாட்டேங்குது" என்பார்.

அவர் சொன்னது உண்மைதான். காற்றை அமுக்கினால் சூடாகும். 30 டிகிரியில் இருக்கும் காற்றை ஒன்றரை மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டுபோனால், துளி இழப்பும் இல்லாத சார்ஜரிலேயே 67 டிகிரி ஆகிவிடும். நிஜத்தில் 85, 90 வரை போகும். அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் அதைக் குறைத்தாக வேண்டும். 45இலிருந்து 70க்கு ஏறினாலே சுமார் 7 சதவீதக் காற்று குறைகிறது. போதாததற்கு, நாக்கிங் (எரிபொருள் கட்டுப்பாடில்லாமல் வெடிப்பது) வந்துவிடாமல் இருக்க, இன்ஜினின் கம்ப்யூட்டரான ஈசியூ இக்னிஷன் டைமிங்கையும், அதாவது தீப்பொறி விழும் நேரத்தையும், பின்னுக்கு இழுக்கும்; அதிலும் சக்தி குறையும்.

எங்கள் காரில் இருந்தது தண்ணீரால் குளிரும் இன்டர்கூலர். தொட்டியில் ஐஸ் போட்டால் சரியாகிவிடும் என்று நான் உறுதியாக நம்பினேன். ஐந்து கிலோ போட்டோம். முதல் லேப் பிரமாதம். மூன்றாவது லேப்பில் பழைய கோடே திரும்பி வந்தது.

அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நொடிக்கு 0.3 கிலோ காற்றை 40 டிகிரி குளிர்விக்க 12 கிலோவாட் வெப்பத்தை எடுக்க வேண்டும். ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல். அப்படியானால் முழு த்ராட்டிலில் ஐந்து கிலோ ஐஸ் இரண்டே கால் நிமிடம்தான் தாங்கும். நேர்கோட்டில் ஓடிச் சில நொடிகளில் முடிகிற டிராக் (drag) ரேஸுக்கு அது போதும். எங்களுக்கோ 20 நிமிட ஓட்டம். வெப்பத்தைச் சேர்த்து வைக்கத்தான் இடம் தேடிக்கொண்டிருந்தேன். அது வண்டியை விட்டு எந்த வழியாக வெளியேறுகிறது என்று பார்க்கவே இல்லை.

மறுநாள் காலை பம்பரைக் கழற்றிப் பார்த்தோம். இன்டர்கூலர் தண்ணீரைக் குளிர்விக்கும் ரேடியேட்டரைச் சுற்றிக் கை நுழையும் அளவுக்கு இடைவெளி. காற்று எளிய வழியைத்தான் தேடும். ரேடியேட்டருக்குள் புகாமல் பக்கவாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அலுமினியத் தகடு வெட்டி, ஓரங்களில் ஃபோம் வைத்து அடைத்தோம். அப்புறம் பம்பை ஓடவிட்டுத் தொட்டியைத் திறந்தால், திரும்பி வரும் தண்ணீர் நூல் மாதிரி வந்தது. லைனில் காற்று சிக்கியிருந்தது. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, குமிழி அடங்கும்வரை ஏர் எடுத்தோம். பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஆனால் அன்று செய்ததிலேயே அதிகப் பலன் தந்தது அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

சார்ஜரை வேகமாகச் சுழற்றும் சின்ன புல்லியைக் கழற்றிப் பழைய பெரிய புல்லியை மாட்டலாம் என்று நான் சொன்னதற்கு மட்டும் ஓட்டுநர் தயங்கினார். பூஸ்ட், அதாவது சார்ஜர் தரும் கூடுதல் அழுத்தம், குறையும் என்பது அவர் கவலை, நியாயமான கவலை. சார்ஜரை அதன் வசதியான வேகத்துக்கு மேல் சுழற்றினால், கூடுதல் பூஸ்டை விடக் கூடுதல் சூடுதான் கிடைக்கும் என்று பழைய டேட்டாவைக் காட்டி விளக்கினேன். ஒரு ஓட்டத்துக்கு மட்டும் சம்மதித்தார்.

அந்த ஓட்டத்தில் கோடு 54 வரை ஏறி அங்கேயே நின்றது. எட்டாவது லேப்பிலும் 54தான். பிட்டுக்கு வந்ததும் பானட்டைத் திறந்து, பம்பை நிறுத்தாமல் ஓடவிட்டோம். ஓட்டுநர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, பின் பிரேக்கைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.