கொட்டானில் பத்து புளியங்கொட்டை

எம்.எஸ்சி புள்ளியியல் கடைசி செமஸ்டரில் நான் மிகவும் பயந்த தாள் 'புள்ளியியல் கணிப்பு முறைகள்'. தேற்றம் என்றால் படித்து எழுதிவிடலாம். இதில் புரோகிராம் எழுதி, ஓட்டியும் காட்ட வேண்டும். ஸ்டடி லீவுக்குக் கோட்டையூர் வந்ததும் வளவில் ஓர் ஓரமாக லேப்டாப்போடு உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் பூட்ஸ்ட்ராப். புள்ளியியலாளர் எஃப்ரான் 1979-இல் வெளியிட்ட முறை. கையிலிருக்கும் மாதிரியிலிருந்தே மறுபடி மறுபடி மாதிரி எடுத்து, நம் மதிப்பீடு எவ்வளவு ஆடுகிறது என்று பார்ப்பது. 'ஆர்' மொழியில் இரண்டு வரி போதும், ஆனால் அந்த இரண்டு வரி என்ன செய்கிறது என்று பிடிபடவில்லை. பத்து புளியங்கொட்டையில் எண் எழுதி ஓலைக் கொட்டானில் போட்டேன். ஒன்றை எடுத்து, எண்ணைக் குறித்துக்கொண்டு, உள்ளே போட்டுக் குலுக்கி, அப்புறம் அடுத்தது. பார்த்துக்கொண்டிருந்த அப்பத்தா, "எடுத்ததை ஏன் ஆத்தா திரும்ப உள்ள போடுற?" என்றார்கள்.

பாடமே அந்தக் கேள்விதான். திரும்பப் போடாவிட்டால் பத்தும் எடுத்து முடிக்கும்போது அதே பத்து எண்தான் இருக்கும், சராசரி மாறவே மாறாது. போடுவதால்தான் சில எண் இரண்டு மூன்று முறை வருகிறது, சில வராமலே போகிறது. பத்தில் ஆறேழு எண்தான் தலைகாட்டும். ஒவ்வொரு சுற்றிலும் சராசரி கொஞ்சம் நகர்கிறதே, அந்த நகர்வுதான் பிழையின் அளவு. அப்பத்தாவுக்கு இதைச் சொல்லி முடித்தபோது எனக்கும் தெளிந்திருந்தது.

நிஜமாகவே படுத்தியது மெட்ரோபோலிஸ் முறை. நேரடியாக மாதிரி எடுக்க முடியாத நிகழ்தகவுப் பரவலில், புள்ளி புள்ளியாக நகர்ந்து மாதிரி எடுக்கும் வழி. காரைக்குடியில் சிக்ரி என்ற மின்வேதியியல் ஆய்வு நிலையம் திறந்த அதே 1953-இல் வந்த கட்டுரை அது. நிற்கும் இடத்திலிருந்து ஒரு புதுப் புள்ளியைத் தேர்ந்து, இரண்டின் நிகழ்தகவு விகிதத்தைப் பார்த்து, அங்கே போவதா இங்கேயே நிற்பதா என்று முடிவு செய்ய வேண்டும். இருபது தரவுக்கு நன்றாக ஓடியது. ஆயிரம் தரவு கொடுத்ததும் விகிதம் இருக்க வேண்டிய இடத்தில் 'என்ஏஎன்' (எண்ணே அல்ல) என்று வந்து நின்றுவிட்டது. மூன்று இரவு தேடினேன். சூத்திரத்தில் தப்பே இல்லை. ஒவ்வொரு தரவின் நிகழ்தகவையும் ஒன்றோடொன்று பெருக்குகிறோம். ஆயிரம் முறை 0.1-ஐப் பெருக்கினால் 10-இன் அடுக்கு -1000. கணினியோ சுமார் -324-க்குக் கீழே போனாலே பூஜ்ஜியம் என்று வைத்துக்கொள்ளும். பூஜ்ஜியத்தைப் பூஜ்ஜியத்தால் வகுத்தால் வேறென்ன வரும்? லாக் எடுத்தேன். பெருக்கல் கூட்டலாகி, வகுத்தல் கழித்தலானது. சரியாக ஓடியது.

ஓடுகிறது என்பதாலேயே விடை சரி என்று நம்பிவிடக் கூடாது. புதுப் புள்ளிக்குத் தாவும் தூரத்தைச் சிறிதாக வைத்தால், நகர்வைக் காட்டும் கோடு நத்தை போல ஊர்கிறது. பெரிதாக வைத்தால் புதுப் புள்ளி எதையும் ஏற்காமல் ஒரே இடத்தில் படுத்துவிடுகிறது. ஒற்றை அளவுருவுக்குப் பாதிக்குச் சற்றுக் குறைவாக, 44 சதவீதம் போல ஏற்பு இருந்தால் நல்லது. நான்கு வெவ்வேறு இடத்தில் தொடங்கிய நான்கு சங்கிலியும் (இப்படி நகர்ந்த புள்ளிகளின் வரிசை) ஒன்றோடொன்று பின்னிக் கலந்த பிறகுதான் ரெக்கார்டில் எழுதினேன்.

செய்முறைத் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர், "இங்கேயே ஓட்டிக் காட்டும்மா" என்றார். எப்போது ஓட்டினாலும் அதே ரேண்டம் எண்கள் வர வைக்கும் விதை எண்ணை முதல் வரியிலேயே கொடுத்திருந்தேன். ரெக்கார்டில் இருந்த அதே விடை, கடைசி தசம இடம் வரை அப்படியே வந்தது.