கவுன்டருக்கு இந்தப் பக்கம்

பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் என் கட்டைவிரல் தானாகவே விவரப் பக்கத்துக்குப் போய்விடும். பதினோரு வருடம் விமான நிலைய செக்-இன் கவுன்டரில் நின்ற பழக்கம். முதலில் பார்ப்பது முகத்தை அல்ல, தேதியைத்தான்.

பயணிகள் எங்களை அதிகாரிகள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நாங்கள் விமான நிறுவனத்தின் சம்பளக்காரர்கள், அவ்வளவுதான். ஆனால் ஆவணம் சரியில்லாத ஒருவரை ஏற்றிக்கொண்டு போனால், அந்த நாடு உள்ளே விடாது. அவரைத் திரும்பக் கூட்டிவருவது நிறுவனத்தின் பொறுப்பு. பல நாடுகளில் அபராதமும் உண்டு. விசா பார்க்கும் வேலை எங்கள் தலையில் விழுந்தது அப்படித்தான். கைகொடுக்க டிமாட்டிக் என்றொரு தரவுத்தளம் இருக்கிறது, விமான நிறுவனங்களின் உலகச் சங்கமான ஐயாட்டா நடத்துவது. குடியுரிமை, போகும் நாடு, வழியில் மாறும் நாடு என்று ஒவ்வொன்றாகத் தட்டினால் விதி வந்து நிற்கும். "போன வருஷம் இதே பாஸ்போர்ட்லதானே போனேன்" என்பவரிடம் நான் வாதாடுவதில்லை. திரையைத் திருப்பிக் காட்டிவிடுவேன்.

காலாவதி தேதி தாண்டவில்லை என்றால் போதும் என்றுதான் பலரும் கிளம்பி வருகிறார்கள். பல நாடுகள் ஆறு மாதம் மிச்சம் கேட்கும். ஐரோப்பாவில் ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஷெங்கன் நாடுகளின் கணக்கு வேறு. அங்கிருந்து கிளம்பும் நாளுக்கு அப்புறம் மூன்று மாதம் இருக்க வேண்டும். கூடவே, உள்ளே நுழையும் நாளில் பாஸ்போர்ட் வாங்கிப் பத்து வருடம் ஆகியிருக்கக் கூடாது. பத்து வருட பாஸ்போர்ட் எப்படிப் பத்து வருடத்தைத் தாண்டும் என்று நானும் ஆரம்பத்தில் குழம்பியிருக்கிறேன். பிரிட்டன் 2018 செப்டம்பர் வரை, பழைய பாஸ்போர்ட்டில் மீந்த மாதங்களைப் புதியதில் சேர்த்துக் கொடுத்தது, அதிகபட்சம் 9 மாதம். அப்படி ஒரு பாஸ்போர்ட்டோடு ஒரு தம்பதி வந்தார்கள். மனைவியுடையதில் குறை இல்லை. கணவருடையது காலாவதியாக இன்னும் எட்டு மாதம் இருந்தது. ஆனால் வாங்கிப் பத்து வருடமும் பன்னிரண்டு நாளும் ஆகியிருந்தது. அவர் கீழே இருந்த தேதியைத் தொட்டுக் காட்டினார். நான் மேலே இருந்ததைத் தொட்டுக் காட்டினேன். அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை, பெட்டியின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

இதைவிட விளக்கக் கஷ்டமானது, தொலைந்து கிடைத்த பாஸ்போர்ட். ஒரு இளம்பெண் தன்னுடையதைக் காணோம் என்று புகார் கொடுத்துப் புதியது வாங்கியிருந்தார். பிறகு பழையது பையின் கிழிந்த உள்துணிக்குள்ளிருந்து கிடைத்திருக்கிறது. அன்றைக்கு அவசரத்தில் எடுத்து வந்தது அந்தப் பழையதை. படம் அவருடையது, பெயர் அவருடையது, தேதியும் சரி. ஆனால் தொலைந்ததாகப் புகார் ஆன பாஸ்போர்ட் எண்கள் இன்டர்போல் 2002இல் தொடங்கிய தரவுத்தளத்துக்குப் போகின்றன. அதை எத்தனையோ நாட்டு எல்லைகளில் பார்க்கிறார்கள். "என் கையிலதானே இருக்கு, எப்படித் தொலைஞ்சதாகும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பதில் மட்டும் மாறாது: ரத்தானது ரத்தானதுதான். அவருடைய அண்ணன்தான் வீட்டுக்கு ஓடிப்போய்ப் புதியதைக் கொண்டுவந்தார். கவுன்டர் மூடப் பத்து நிமிடம் இருந்தது.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழிலும் இப்படி ஒரு நாள் கணக்கு உண்டு. ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் அது செல்லும். நான்காம் நாள் வந்து நிற்பவர்களை எல்லா சீசனிலும் பார்க்கிறேன்.

தடித்த ஃபைலோடு வருபவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம், சொல்லிவிடுகிறேன். வங்கிக் கணக்கு, பட்டப்படிப்பு, சொத்துப் பத்திரம் எல்லாம் இருக்கும். டிக்கெட்டில் பெயரின் ஒரு எழுத்து மாறியிருக்கும்.

சரி, என் தவறையும் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். நடுத்தர வயதுக்காரர் ஒருவர் இரண்டு டிக்கெட்டோடு வந்தார். இரண்டும் தனித்தனியாக வாங்கியவை. முதலாவது எங்கள் விமானம், அடுத்தது வேறு நிறுவனத்துடையது. போய்ச் சேரும் நாட்டுக்கு விசா இருந்தது. நடுவில் மாறும் நாட்டுக்கு, விமான நிலையத்தை விட்டு வெளியே வராதவரை விசா வேண்டாம் என்றது திரை. திருப்தியாக போர்டிங் பாஸ் அடித்தேன். அந்த நிறுவனத்தோடு எங்களுக்கு ஒப்பந்தம் இல்லாததால் பெட்டிக்குப் பாதி வழி வரைதான் டேக் போட முடிந்தது. "அங்கே இறங்கி பெட்டியை எடுத்து மறுபடி போட்டுக்கோங்க சார்" என்று சிரித்துக்கொண்டே சொல்லி அனுப்பினேன்.

பெட்டி சுற்றும் பெல்ட், குடியேற்றச் சோதனைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அதைத் தாண்ட விசா வேண்டும். இரண்டையும் நான் சேர்த்து யோசிக்கவே இல்லை.

மூன்றாம் நாள் எங்கள் விமானத்திலேயே திரும்பி வந்தார். நேராக என் கவுன்டருக்குத்தான் வந்தார். கத்துவார் என்று தயாராக இருந்தேன். அவர் முகத்தில் தூக்கம்தான் இருந்தது.

"பெட்டியை எடுத்துக்கச் சொன்னது நீங்கதானேம்மா" என்றார்.

பெட்டி மறுநாள்தான் வந்தது. நான் போட்ட டேக் அதில் அப்படியே இருந்தது.