தேவகோட்டை வீட்டுப் பீரோவை விற்ற கதை

தேவகோட்டையில் அப்பத்தா வீட்டைக் காலி செய்தபோது மூன்று சாமான்கள் மிஞ்சின. ஆளுயரக் கண்ணாடி பதித்த பர்மா தேக்குப் பீரோ, முகப்பில் தொங்கிய ஊஞ்சல் பலகை, தாத்தா சம்மணம் போட்டு உட்கார்ந்து கணக்கெழுதிய கணக்குப்பிள்ளை மேசை. சென்னையில் எங்கள் இரண்டு அறை வீட்டில் பீரோவின் ஒரு கதவைக்கூட முழுதாகத் திறக்க முடியாது.

எப்படியோ கேள்விப்பட்டு ஒரு தரகர் வந்தார். சுற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாத்துக்கும் சேத்து நாப்பதாயிரம். சாயங்காலமே வண்டி வந்துரும்" என்றார். அக்கா என்னை உள்ளே இழுத்து, "மொத்தமா விலை சொல்றவன் ஒரு சாமான் மேல கண்ணு வச்சிருக்கான்டா" என்றாள். பங்காளிகளைக் கேட்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினோம். பொய்யில்லை; சித்தப்பா பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. கையெழுத்து வாங்கி முடிக்க மூன்று வாரம் ஆனது.

அந்த மூன்று வாரத்தில் ஒரு உருப்படாத வேலை செய்தேன். ஊஞ்சல் பலகை கறுத்துப் போய்க் கிடந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இரண்டு கை வார்னிஷ் அடித்தேன். புதுசு போல மின்னியது. எனக்கு ஒரே பெருமை.

அப்புறம் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்கு, வாங்க வந்தவன் மாதிரி போனேன். பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு. பீங்கான் ஜாடி, எனாமல் தூக்கு, இடித்த வீடுகளின் தூண்கள் என்று தலைக்கு மேல் வரை அடுக்கி வைத்திருந்தார்கள். எங்கள் பீரோவின் சாயலில் இருந்த ஒன்றுக்கு 85,000 ரூபாய் சொன்னார்கள். அதில் பாதி கிடைத்தாலே நல்ல விலைதான் என்று பிறகு புரிந்தது. வாங்கியதைப் பழுது பார்த்து, பாலிஷ் போட்டு, ஆள் வரும்வரை வருஷக்கணக்கில் வைத்திருக்க வேண்டுமே.

அங்கேயே ஒரு கடைக்காரரிடம் விஷயத்தைச் சொல்லி வீட்டுக்கு அழைத்து வந்தேன். அவர் பீரோவின் முகத்தைப் பார்க்கவே இல்லை. இழுப்பறையை உருவிக் கவிழ்த்தார். மூலையில் பலகைகள் விரல் கோத்தது போலக் கோத்திருக்கின்றனவா, இடைவெளி கைவேலைக்கே உரிய மாதிரி கொஞ்சம் ஏறி இறங்கி இருக்கிறதா என்று தடவினார். கீல் திருகாணிகளில் ஒற்றைக் கோடுதான், நட்சத்திர வெட்டு இல்லை; பழசுதான் என்று தலையசைத்தார். அடிப்பக்கம் நகத்தால் சுரண்டி முகர்ந்தார். பின்பக்கம் போனதும் முகம் மாறியது. செல்லரித்ததற்காக அப்பா எப்போதோ பிளைவுட் அடித்திருந்தார். அங்கே ஐயாயிரம் போச்சு.

ஊஞ்சலைப் பார்த்ததும், "யாரு சார் இப்படிப் பண்ணது?" என்றார். நான் அக்காவைப் பார்த்தேன். தொண்ணூறு வருஷம் ஆட்கள் உட்கார்ந்து எழுந்து வந்த கறுப்புக்குத்தான் காசாம். தேய்த்த பலகைக்கு வெறும் மரத்தின் விலைதான் என்றார்.

உத்தரத்துக்கு மேலிருந்த கஜலட்சுமி பலகையைச் சிங்கப்பூருக்குக் கொண்டுபோகச் சித்தப்பா மகன் ஆசைப்பட்டான். கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷம் தாண்டியதைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. நூறு ஆகவில்லை என்றால், இது தொல்பொருள் இல்லை என்று தொல்லியல் துறையிடம் சான்று வாங்க வேண்டும். எங்களுக்கு வயதே சரியாகத் தெரியாது. பலகை இருந்த இடத்திலேயே இருக்கிறது.

பீரோ 38,000, ஊஞ்சல் 6,000. மேசையை அக்கா தரமாட்டேன் என்றுவிட்டாள். தரகர் கண் வைத்தது அதன் மேல்தானோ என்று இன்னும் சந்தேகம்.

குட்டியானை வண்டி வந்தபோது பீரோ நிலைக்கதவில் நுழையாதே என்று கவலைப்பட்டேன். வந்த ஆசாரி மேல்முடியைத் தூக்கி இறக்கினார், கதவுகளைக் கழற்றினார், நாலு ஆப்பைத் தட்டினார். கால் மணி நேரத்தில் பீரோ பலகைகளாகப் பிரிந்துவிட்டது. ஒவ்வொரு மூட்டிலும் எது எதோடு சேரும் என்று உளியால் வெட்டிய கோடுகள்: ஒன்று, இரண்டு, மூன்று. நாற்பது வருஷம் அந்தப் பீரோவோடு வாழ்ந்தும் எனக்கு அது தெரியாது.